அமெரிக்க இடைக்காலத் தேர்தல் கருத்துக்கணிப்புகள்: யாருக்கு வாக்கு என்பதற்கு முன், யார் வருவார்கள்?

#1 எண்ணும்எழுத்தும் (இழையைத் தொடங்கியவர்)

வரும் 2026 நவம்பர் 3 அன்று அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல், அதாவது அதிபரின் நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தல். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டின் 35 இடங்களுக்கும், 36 மாநிலங்களின் ஆளுநர் பதவிகளுக்கும் அன்றைக்கு வாக்குப்பதிவு நடக்கிறது. கருத்துக்கணிப்புகள் வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. நம் செய்தித்தளங்கள் "இந்தக் கட்சி இத்தனை புள்ளி முன்னிலை" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் மறைந்திருக்கும் கேள்வியைப் பேசவே இந்த இழை.

நாடு தழுவிய கணிப்புகளில் வழக்கமாகக் கேட்கப்படுவது இதுதான்: "இன்று தேர்தல் நடந்தால் உங்கள் தொகுதியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்கு வாக்களிப்பீர்களா, குடியரசுக் கட்சி வேட்பாளருக்கா?" வேட்பாளர் பெயர் கேள்வியில் இருக்காது. இந்தக் கேள்விக்குப் பதில் வாங்குவது ஒப்பீட்டளவில் எளிது. பதில் சொன்னவர் வாக்குச்சாவடிக்கு வருவாரா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். அதிபர் தேர்தலான 2020இல் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்தார்கள். 2014 இடைக்காலத் தேர்தலில் சுமார் 36 விழுக்காட்டினர்தான் வந்தார்கள். அது 1942க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவு. நான்கே ஆண்டுகளில், 2018இல், அது ஏறத்தாழ 50 விழுக்காட்டுக்கு ஏறி, 1914க்குப் பிந்தைய மிக உயர்ந்த அளவானது. 2022இல் 46 அளவில் நின்றது. இவ்வளவு ஏறி இறங்கும் ஒரு கூட்டத்தை, அது கூடுவதற்கு முன்பே அளந்து சொல்ல வேண்டும் என்பதுதான் இங்கே கணிப்பாளருக்கு இடப்பட்ட பணி.

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இதற்காகப் பல பத்தாண்டுகளாக ஏழு கேள்விகள் கொண்ட ஒரு சல்லடையை வைத்திருந்தது. தேர்தலைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறீர்கள், சென்ற முறை வாக்களித்தீர்களா, இந்த முறை வாக்களிக்கும் எண்ணம் உண்டா என்பவற்றோடு, "உங்கள் பகுதி மக்கள் எங்கே சென்று வாக்களிக்கிறார்கள் என்று தெரியுமா?" என்பதும் அதில் ஒன்று. வாக்குச்சாவடி எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்று தெரியாதவர் வாக்களிக்க வர மாட்டார் என்பது அதன் தர்க்கம். எனக்கு இது மிகவும் பிடித்த கேள்வி. ஆனால் 2010இல் அந்தச் சல்லடை என்ன செய்தது என்று பாருங்கள். தேர்தலுக்கு முந்தைய கேலப்பின் கடைசிக் கணிப்பில், பதிவு செய்த வாக்காளர்கள் அனைவரையும் எடுத்துக்கொண்டால் குடியரசுக் கட்சி 48, ஜனநாயகக் கட்சி 44. சல்லடையில் தேறியவர்களை மட்டும் எடுத்தால் 55க்கு 40. அதே ஆட்கள், அதே பதில்கள். நான்கு புள்ளி முன்னிலை பதினைந்தாகிவிட்டது. உண்மையில் குடியரசுக் கட்சி நாடு முழுவதும் ஏறத்தாழ 7 புள்ளி வித்தியாசத்தில் வென்று 63 இடங்களைக் கூடுதலாகப் பெற்றது. சல்லடை சொன்ன திசை சரியாக இருந்தது. அளவு இரு மடங்குக்கு மேல் போயிற்று.

#2 சந்தேகப்பிராணி

ஐயா, இதற்கு இவ்வளவு செலவும் சல்லடையும் எதற்கு? அதிபரின் கட்சி இடைக்காலத் தேர்தலில் இடங்களை இழக்கும் என்பது ஏட்டில் எழுதிவைத்தது போல நடக்கிறதே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரதிநிதிகள் சபையில் அதற்கு விலக்கு இரண்டே முறைதான்: 1998உம் 2002உம். பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிடலாம்.

#3 பழைய நிருபர்

சந்தேகப்பிராணி அவர்களே, பஞ்சாங்கம் தோற்கும் என்று சொல்லும். எத்தனை இடங்களில் தோற்கும் என்று சொல்லாது. பெரும்பான்மை நூலிழையில் தொங்கும் சபையில் அந்த எண்ணிக்கைதான் எல்லாமே. 2022இல் நான் செய்தி மேசையில் இருந்தவன் என்பதால் அந்த ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜனநாயகக் கட்சியின் அதிபர் பைடனின் செல்வாக்கு 40 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய அளவில் இருந்தது. விலைவாசி நாற்பது ஆண்டுகளில் காணாத வேகத்தில் ஏறியிருந்தது. பஞ்சாங்கப்படி ஜனநாயகக் கட்சிக்குப் பெருந்தோல்வி வர வேண்டும். அக்டோபர் இறுதியில் "சிவப்பு அலை" (சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம்) என்ற சொல் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. அலைக்குச் சான்றாகக் காட்டப்பட்டவை கருத்துக்கணிப்புகள். ஆனால் எந்தக் கருத்துக்கணிப்புகள்? அந்தக் கடைசி வாரங்களில், செலவு கூடுதலான நேரடித் தொலைபேசிக் கணிப்புகளை நடத்தும் பல்கலைக்கழகங்களும் நாளிதழ்களும் மாநில அளவில் முன்பு போல் களமிறங்கவில்லை. அந்த வெற்றிடத்தைக் குடியரசுக் கட்சிச் சார்புள்ள சிறு நிறுவனங்கள் நிரப்பின. வாஷிங்டன் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி செனட்டர் பேட்டி மர்ரி ஓரிரு புள்ளி வித்தியாசத்தில் ஊசலாடுகிறார் என்று அவற்றில் ஒன்று சொன்னது. அவர் 14 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். பென்சில்வேனியாவில் கணிப்புகளின் சராசரி ஏறத்தாழச் சமநிலையைக் காட்டியது. ஜனநாயகக் கட்சியின் ஃபெட்டர்மன் குடியரசுக் கட்சியின் ஓஸை 5 புள்ளியளவில் வீழ்த்தினார். நியூ ஹாம்ப்ஷயரில் அதே கட்சியின் மேகி ஹாசன் 9 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். கடைசி நாள்கள் வரை அதை இழுபறித் தொகுதிகளின் பட்டியலில் வைத்திருந்தோம்.

முடிவில் குடியரசுக் கட்சி 222க்கு 213 என்ற கணக்கில் சபையைப் பிடித்தது. செனட்டில் ஜனநாயகக் கட்சி ஓர் இடத்தைக் கூடுதலாகவே பெற்றது. மறுநாள் எல்லாரும் கணிப்பாளர்களைத் திட்டினோம். பிறகு கணக்குப் பார்த்த, கணிப்புகளைத் தொகுத்து அலசும் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம், எல்லாக் கணிப்புகளையும் சேர்த்து எடைபோட்டால் 2022இன் சராசரிப் பிழை 4.8 புள்ளிதான், 1998க்குப் பிறகு இதுவே மிகத் துல்லியமான தேர்தல் என்று எழுதியது. கணிப்புகள் மொத்தத்தில் மோசமில்லை. சிவப்பு அலையைக் கட்டியெழுப்பியது நாங்கள், அதாவது செய்தி மேசைகள். நம் காதுக்குப் பிடித்த கணிப்பை முதல் பக்கத்திலும் பிடிக்காததைக் கடைசிப் பத்தியிலும் வைப்பது ஊடகத்தின் பழைய பழக்கம். (அந்தத் தளத்தையே 2025 மார்ச்சில் அதன் உரிமையாளர்கள் மூடிவிட்டார்கள் என்பது தனி வருத்தம்.)

அந்தக் கோடையிலேயே எச்சரிக்கை கிடைத்திருந்தது. நாடு தழுவிய கருக்கலைப்பு உரிமையை நீக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஜூன் 24 அன்று வந்தது. ஆகஸ்ட் 2 அன்று, குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சஸில், மாநில அரசமைப்பிலிருந்து அந்த உரிமையை நீக்கும் திருத்தத்தை 59 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். முன்னதாக வந்த கணிப்பு திருத்தத்துக்கு ஆதரவே சற்றுக் கூடுதல் என்றிருந்தது. வழக்கமாக வராதவர்கள் வந்தார்கள். எண்ணும்எழுத்தும் முதல் பதிவில் சொன்ன சிக்கல் அப்படியே அங்கே நடந்தது.

#4 நியூஜெர்சிவாசி

நான் இங்கே குடியுரிமை பெற்று வாக்களிப்பவள். மற்றப் பக்கத்திலிருந்து, அதாவது கேள்வி கேட்கப்படுபவரின் பக்கத்திலிருந்து, ஒன்று சொல்கிறேன். குறுஞ்செய்தி ஒன்று வரும். என் முதல் பெயரைச் சரியாகச் சொல்லி, ஒரு சுட்டியைத் தட்டச் சொல்லும். பார்த்தால் மோசடிச் செய்தி போலவே இருக்கும். என் கணவர் அதை உடனே அழித்துவிடுவார். நான் ஒருமுறை தட்டிப் பார்த்தேன். வயது, படிப்பு, இனம், சென்ற அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள், இந்த முறை வாக்களிக்க எவ்வளவு ஆர்வம் என்று வரிசையாகக் கேட்டு, நடுவில்தான் ஆளுநர் தேர்தலுக்கு வந்தார்கள். என் பெயர் எப்படித் தெரியும் என்று யோசித்தபோதுதான் விளங்கியது: வாக்காளர் பட்டியல் இங்கே விலைக்குக் கிடைக்கும் ஆவணம். நான் எந்தத் தேர்தல்களில் வாக்களித்தேன், எவற்றில் வாக்களிக்கவில்லை என்பது அதில் உண்டு. யாருக்கு என்பது மட்டும் இருக்காது.

அதே ஆளுநர் தேர்தலைப் பாருங்கள். 2025 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் வெறும் ஒரு புள்ளி முன்னிலை என்று சொன்ன கணிப்பும் வந்தது. அவர் 14 புள்ளியளவில் வென்றார். வர்ஜீனியாவில் அதே கட்சியின் அபிகேல் ஸ்பான்பெர்கர் 15 புள்ளியளவில் வென்றார். அங்கும் கணிப்புகளின் சராசரி அவ்வளவு சொல்லவில்லை. 2020இலும் 2024இலும் டிரம்பின் ஆதரவைக் குறைத்துக் காட்டியவர்கள் இப்போது மறுபக்கத்தைக் குறைத்துக் காட்டுகிறார்களா?

இன்னொன்று. "இந்திய அமெரிக்கர்கள் கட்சி மாறுகிறார்கள்" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் படங்களை நம்பாதீர்கள். ஆயிரம் பேரைக் கேட்கும் கணிப்பில் நம்மவர் பத்துப் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். கார்னகி அறக்கட்டளையும் யூகவ் நிறுவனமும் 2020இலும் 2024இலும் செய்தது போல இந்திய அமெரிக்கர்களிடம் மட்டும் தனியாக நடத்தினால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

#5 சந்தேகப்பிராணி

நியூஜெர்சிவாசி அம்மா சொன்னதுதான் என் உண்மையான சந்தேகம். அவர் கணவரைப் போல அழித்துவிடுபவர்கள்தானே பெரும்பான்மை? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு கரண்டியைக் கண்டு ஓடாது, வாக்காளர் ஓடுகிறார். 1997இல் பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் அழைத்தபோது 36 விழுக்காட்டினர் பதில் சொன்னார்களாம். 2018இல் அது 6 விழுக்காடு. நியூயார்க் டைம்ஸ் 2022 அக்டோபரில் எழுதியதன்படி, சுழற்றிய எண்களில் 0.4 விழுக்காட்டில்தான் முழு நேர்காணல் கிடைத்தது. ஒரு பணியாளர் ஒரு நேர்காணலுக்கு இரண்டு மணி நேரம் எண்களைச் சுழற்ற வேண்டும். இருநூற்று ஐம்பது அழைப்புக்கு ஓர் ஆள். அரசியலில் ஆர்வம் மிகுந்த, நேரம் இருக்கிற, அந்நியரிடம் பேசத் தயங்காத அந்த ஓர் ஆளை வைத்து மற்ற 249 பேரின் மனத்தைச் சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்? வருகையை விட இதுவே முதல் நோய் என்பேன்.

#6 எண்ணும்எழுத்தும்

நோய் உண்மைதான். மருந்தும் உண்டு, மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு.

மருந்தின் பெயர் எடையிடல். பதில் சொன்னவர்களில் பட்டதாரிகள் மிகுதியாக இருந்தால், ஒவ்வொரு பட்டதாரியின் பதிலையும் ஒன்றுக்குக் குறைவாகவும், பட்டம் பெறாதவரின் பதிலை ஒன்றுக்கு மேலாகவும் கணக்கிடுவார்கள். 2016இல் பல மாநிலக் கணிப்புகள் கல்வித்தகுதிக்கு எடையிடவில்லை. டிரம்புக்கு வாக்களித்த பட்டம் பெறாத வெள்ளையர்கள் கணக்கில் குறைந்துபோனார்கள் என்று கணிப்பாளர்களின் தொழில்முறைச் சங்கமே ஆய்வு செய்து எழுதியது. அடுத்த முறை கல்விக்கு எடையிட்டார்கள். இருந்தும் 2020இல் நாற்பது ஆண்டுகளில் இல்லாத பெரிய பிழை வந்தது. ஒரே கல்வித்தகுதி உள்ளவர்களுக்குள்ளும் டிரம்ப் ஆதரவாளர்கள் பதில் சொல்ல மறுத்தார்கள் என்பதே மிகவும் பொருந்தும் விளக்கம்.

எடையிடுவதில் எவ்வளவு கைவேலை இருக்கிறது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஃபுளோரிடாவில் 867 பேரிடம் திரட்டிய பதில்களை அப்படியே நான்கு தேர்ந்த குழுக்களிடம் கொடுத்து, உங்கள் முறையில் கணக்கிடுங்கள் என்றது. ஒரு குழு ஹிலரி கிளிண்டன் 4 புள்ளி முன்னிலை என்றது. ஒன்று 3, ஒன்று 1. நான்காவது குழு டிரம்ப் 1 புள்ளி முன்னிலை என்றது. நாளிதழின் சொந்தக் கணக்கில் கிளிண்டனுக்கு 1. புதிதாக ஒருவரைக்கூடக் கேட்காமல் ஐந்து புள்ளி ஆட்டம். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? எடையிட்ட முறையிலிருந்தும், யார் வாக்களிக்க வருவார்கள் என்று ஒவ்வொரு குழுவும் வைத்துக்கொண்ட அனுமானத்திலிருந்தும்தான். சொல்வதைக் கேட்டுக்கொண்டார்களா, பட்டியலில் உள்ள பழைய வருகைப் பதிவை நம்பினார்களா என்பதில் பிரிந்தார்கள். ஆகையால் சந்தேகப்பிராணியின் முதல் நோயும் என் முதல் நோயும் ஒரே இடத்தில்தான் வலிக்கின்றன.

இப்போது பலர் கையாளும் மருந்து, சென்ற அதிபர் தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று கேட்டு, அந்தப் பதில்கள் உண்மையான முடிவோடு ஒத்துப்போகும்படி எடையிடுவது. நியூஜெர்சிவாசியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது இதற்காகத்தான். 2024இல் இது ஓரளவு கைகொடுத்தது. இடைக்காலத் தேர்தலில் எனக்கு இதன் மீது அச்சம் உண்டு. 2024இல் வாக்களித்தவர்களில் கணிசமானவர்கள் 2026இல் வரப்போவதில்லை; வராமல் போகிறவர்கள் இரு கட்சியிலும் சம விகிதத்தில் இருப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒபாமா காலத்தில் இளைஞர்களும் சிறுபான்மையினரும் இடைக்காலத்தில் வீட்டிலிருந்துவிடுவார்கள். சல்லடை போட்டால் குடியரசுக் கட்சி ஏறும். இப்போது தவறாமல் வாக்களிக்கும் பட்டதாரிகள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். டிரம்ப் பெயர் வாக்குச்சீட்டில் இருந்தால் மட்டும் வருகிறவர்கள் குடியரசுக் கட்சிப் பக்கம் இருக்கிறார்கள். அதே சல்லடை, விளைவு தலைகீழ். நியூஜெர்சியில் 2025இல் நடந்ததில் இதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

#7 பழைய நிருபர்

உங்கள் விளக்கம் அழகாக இருக்கிறது; அதுவே என்னை எச்சரிக்கையாக்குகிறது. ஒரே காற்று நாடு முழுவதும் வீசுவது போல எழுதுகிறீர்கள். 2022இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சி எதிர்பார்ப்பை மீறிய அதே இரவில், ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சி ஆளுநர் டிசாண்டிஸ் கணிப்புகள் காட்டியதை விடப் பல புள்ளிகள் கூடுதலாக, 19 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். நியூயார்க் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் சபைத் தேர்தல் குழுத் தலைவரே தம் தொகுதியை இழந்தார். 2014ஐயும் மறக்க வேண்டாம்: கான்சஸில் சுயேச்சை வேட்பாளர் ஓர்மன் மயிரிழையில் முன்னிலை என்ற கணிப்புகளுக்குப் பிறகு குடியரசுக் கட்சியின் ராபர்ட்ஸ் 10 புள்ளிகளுக்கு மேல் வென்றார், வர்ஜீனியாவில் எளிதாக வெல்வார் எனப்பட்ட ஜனநாயகக் கட்சியின் வார்னர் ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார்.

வருகை எல்லாவற்றையும் விளக்காது என்பதற்கு நெவாடா 2010 நல்ல சான்று. ஜனநாயகக் கட்சி செனட்டர் ஹாரி ரீட் 3 புள்ளியளவில் பின்தங்குகிறார் என்றது சராசரி. 6 புள்ளியளவில் வென்றார். லத்தீன் அமெரிக்க வாக்காளர்களைக் கணிப்புகள் சரியாக எட்டவில்லை, ஸ்பானிய மொழியில் போதிய நேர்காணல் நடக்கவில்லை என்று அப்போதே சொல்லப்பட்டது. லாஸ் வேகஸ் விடுதிகளில் இரவுப் பணி பார்ப்பவரை மாலை ஏழு மணிக்கு வீட்டுத் தொலைபேசியில் எப்படிப் பிடிப்பார்கள்?

#8 எண்ணும்எழுத்தும்

ஒப்புக்கொள்கிறேன், மாநிலத்துக்கு மாநிலம் பிழையின் திசை மாறும். ஆனால் நெவாடாவில் விடுதித் தொழிலாளர் சங்கம் வாக்காளர்களைத் திரட்டிக் கொண்டுவந்து சேர்த்ததும் வருகைதானே? முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#9 வரைபடக்காரர்

வாக்கு விழுக்காட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். இடங்கள் வேறு கணக்கு. 2012இல் சபைக்கான மொத்த வாக்கில் ஜனநாயகக் கட்சி ஒரு புள்ளிக்குச் சற்று மேல் முந்தியது. இடங்கள் குடியரசுக் கட்சிக்கு 234, ஜனநாயகக் கட்சிக்கு 201. வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றும் தொகுதி எல்லைகளை இந்த முறை நடுவிலேயே மாற்றி வரைந்திருக்கிறார்கள்: டெக்சாஸ் 2025 ஆகஸ்டில் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும் நோக்கில் வரைந்தது, பதிலுக்குக் கலிபோர்னியா நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் தன் வரைபடத்தை ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றியது. மேலும் சில மாநிலங்களும் இதில் இறங்கின. ஆகவே "நாடு தழுவிய முன்னிலை 4 புள்ளி என்றால் இத்தனை இடம்" என்று 2018இன் சூத்திரத்தைப் போடுபவர்களைக் கண்டால் விலகிச் செல்லுங்கள்.

#10 சந்தேகப்பிராணி

சரி, நேரடியாகக் கேட்கிறேன். ஒரு தொகுதியில் 400 பேரைக் கேட்டு 48க்கு 44 என்கிறார்கள். இது முன்னிலையா, இல்லையா? எந்த நிறுவனத்தின் எண்ணைத்தான் நம்புவது?

#11 எண்ணும்எழுத்தும்

400 பேர் என்றால் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணுக்கும் பிழை வரம்பு கூட்டியும் குறைத்தும் 5 புள்ளியளவு. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு அது ஏறத்தாழ இரு மடங்காகும். அதாவது 4 புள்ளி முன்னிலை என்பது 13 புள்ளி முன்னிலையாகவும் இருக்கலாம், 5 புள்ளி பின்னடைவாகவும் இருக்கலாம். இதுவும் மாதிரி எடுப்பதில் நேரும் தற்செயல் பிழை மட்டுமே; வராதவரைச் சேர்த்ததும், பேசாதவரை விட்டதும் இந்த வரம்புக்குள் அடங்கா. அத்தகைய கணிப்பைத் தாங்கள் பணம் கொடுத்து நடத்தி, தங்களுக்குச் சாதகமாக வந்தால் மட்டும் வெளியிடும் வேட்பாளர்களும் உண்டு என்பதால், யார் நடத்தியது என்பதற்கு முன் யார் பணம் கொடுத்தது என்று பாருங்கள்.

ஒரே நிறுவனத்தை நம்பலாமா என்றால், அயோவா மாநிலக் கணிப்பாளர் ஆன் செல்சரைச் சொல்வேன். 2014 இடைக்காலத் தேர்தலில் மற்றவர்கள் இழுபறி என்றபோது அவர் குடியரசுக் கட்சியின் ஜோனி எர்ன்ஸ்ட் 7 புள்ளி முன்னிலை என்றார். எர்ன்ஸ்ட் 8 புள்ளியளவில் வென்றார். அவரை விடச் சிறந்தவர் இல்லை என்று தொழிலில் உள்ளவர்களே சொன்னார்கள். அதே அம்மையார் 2024இன் கடைசிக் கணிப்பில் ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்றார். டிரம்ப் 13 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். முறை மாறவில்லை, மாநிலம் மாறியிருந்தது. ஆகவே தனி நிறுவனத்தை நம்பாமல் சராசரியைப் பாருங்கள். சராசரியிலும் கட்சிச் சார்பு நிறுவனங்களை நீக்கிப் பாருங்கள்.

செப்டம்பர் 7 தொழிலாளர் தினம். அதையொட்டித்தான் பல நிறுவனங்கள் பதிவு செய்த வாக்காளர் என்ற அடிப்படையை விட்டு, வாக்களிக்கக்கூடியவர் என்ற சல்லடைக்கு மாறுவது வழக்கம். அந்த வாரத்தில் ஒரு கட்சியின் எண் திடீரென்று மூன்று புள்ளி ஏறினால், மக்கள் மனம் மாறிவிட்டது என்று தலைப்பு வரும். இரண்டு எண்களையும் அருகருகே வெளியிடும் நிறுவனங்கள் எவை, ஒன்றை மறைப்பவை எவை என்று அப்போது இங்கேயே பட்டியலிடுகிறேன்.

#12 நியூஜெர்சிவாசி

பட்டியலில் சல்லடைக்கான கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள், ஐயா. அடுத்த குறுஞ்செய்தி வரும்போது, வாக்குச்சாவடி எங்கே என்று கேட்கிறார்களா என்று பார்த்துச் சொல்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் தபாலில் வாக்களிக்கிறார்கள்; சாவடி எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனால் ஒரு தேர்தலையும் விடுவதில்லை.